பரீட்சையில் முதல் இடம். கப்பலில் இடம் இல்லை!

திருவானைக்காவலில் பிறந்து உலகப் புகழ் பெற்ற சர் சி.வி. ராமனின் வாழ்க்கை

திருச்சி கே.கே. நகரில் பஸ் ஏறினால் மலைக்கோட்டையைப் பார்த்தபடியே போய், காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருவானைக்காவலில் இறங்கிவிடலாம். அதிக தூரம் இல்லை.

கே.கே. நகரில் கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீடுகள் பல. பட்டப்படிப்பு முடியும் ஆண்டில் அந்த வீடுகளில் ஒரே பேச்சுதான். மேற்படிப்புக்கான நுழைவுப் பரீட்சையில் பிள்ளை எத்தனை மார்க் வாங்குவான் என்ற பேச்சு. மார்க் வந்துவிட்டால் அடுத்த கவலை பிடித்துக்கொள்கிறது. அந்த மார்க்குக்கு என்ன பொருள்? அது போதுமா, போதாதா?

இந்தக் கவலை புதியது அல்ல. திருவானைக்காவலில் பிறந்த ஒருவர் 120 ஆண்டுகளுக்கு முன்பே இதை அனுபவித்தார். அவர் எழுதிய பெரிய பரீட்சைகளில் எல்லாம் முதலாவதாக வந்தார். ஆனாலும், மேற்படிப்புக்குச் சீமைக்குப் போகும் கப்பலில் அவரால் ஏற முடியவில்லை!

அவர்தான் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சர் சி.வி. ராமன்.

பத்து ரூபாய் சம்பளம்

1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி ராமன் பிறந்தார். திருவானைக்காவலில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்த குழந்தை அது. தகப்பனார் பெயர் சந்திரசேகர அய்யர். தாயார் பார்வதி அம்மாள். 8 குழந்தைகளில் ராமன் இரண்டாவது.

பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரி வடமொழிப் பண்டிதர். தர்க்க சாஸ்திரம் படிப்பதற்காக, இளம் வயதிலேயே வங்காளம் வரை நடந்து போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பிற்காலத்தில் பேரனுக்கும் வங்காளமே புகழைத் தேடிக்கொடுத்தது.

தகப்பனார் திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியர். மாதச் சம்பளம் 10 ரூபாய். வீட்டில் பணம் இல்லை, புத்தகங்கள் இருந்தன. கணக்கு, பவுதிகம், சங்கீதம் மூன்றிலும் அவருக்கு ஆசை உண்டு.

1892-ல் அவருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே குடியேறியது. அப்போது ராமனுக்கு வயது 4.

பி.ஏ. வகுப்பில் ஒரு சிறுவன்

படிப்பில் ராமன் மற்ற பிள்ளைகளை விட வெகு வேகமாகப் போனார். 11-வது வயதில் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். 13-வது வயதில் எப்.ஏ. பரீட்சையில் தேறினார். அதற்கு உதவிச் சம்பளமும் கிடைத்தது.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் எலியட் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் வகுப்புக்குள் வந்தார். பெஞ்சில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். யாரோ வழி தவறி வந்துவிட்டான் என்று நினைத்தார். நீ பி.ஏ. மாணவன்தானா என்று கேட்டார். ஆமாம் என்று எழுந்து நின்று சொன்னார் ராமன். பேராசிரியருக்கு ஆச்சரியம்!

1904-ல் பி.ஏ. பரீட்சை முடிவு வந்தது. ராமன்தான் முதல். பவுதிகத்திலும் ஆங்கிலத்திலும் தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 15.

எம்.ஏ. வகுப்பில் ஜோன்ஸ் என்ற பேராசிரியர் அவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார். வகுப்புக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, சோதனைச் சாலையில் விரும்பியதைச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பாடப் புத்தகத்தில் இல்லாத சோதனைகளை ராமன் செய்யத் தொடங்கினார்.

ஒளியைப் பற்றிய ஒரு சோதனையில் புதிய விஷயம் ஒன்று தென்பட்டது. அதைக் கட்டுரையாக எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தார். மாதங்கள் ஓடின. பேராசிரியரிடமிருந்து பதில் இல்லை. ராமன் தாமே அதை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். 1906 நவம்பரில் அங்குள்ள பெரிய விஞ்ஞானப் பத்திரிகை அதை வெளியிட்டது. ராமனுக்கு அப்போது 18 வயது.

அவருடைய எழுத்தைப் படித்த இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபு அவருக்குக் கடிதம் எழுதினார். எழுதியவர் மாணவர் என்று அவருக்குத் தெரியாது. பேராசிரியர் ராமன் என்றே விலாசம் எழுதியிருந்தார்!

1907-ல் எம்.ஏ. பரீட்சையிலும் ராமன் மிகச் சிறப்பாகத் தேறினார்.

டாக்டர் போட்ட தடை

அந்தக் காலத்தில் விஞ்ஞானத்தில் மேற்படிப்பு என்றால் இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும். ராமனைப் போன்ற மாணவர் போகாவிட்டால் வேறு யார் போவது? பேராசிரியர் ஜோன்ஸ் ஊக்கம் கொடுத்தார். சர்க்கார் செலவில் அனுப்ப ஏற்பாடு நடந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. போகிறவர் சென்னை சிவில் சர்ஜனிடம் உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ராமன் ஒல்லியான உடம்புக்காரர். டாக்டர் அவரைப் பார்த்தார், பரிசோதித்தார், தலையை ஆட்டிவிட்டார். இங்கிலாந்துக் குளிரில் இந்த உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து என்று முடிவு சொன்னார்.

அவ்வளவுதான். தங்கப் பதக்கங்கள் உதவவில்லை. முதல் இடம் உதவவில்லை. அச்சில் வந்த கட்டுரையும் உதவவில்லை. கப்பல் ராமன் இல்லாமலே புறப்பட்டது.

18 வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய இடி! ஆனால் அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை.

மறுபடியும் முதல்

விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க இந்தியாவில் அப்போது வழி இல்லை. ராமனின் அண்ணன் சுப்பிரமணிய அய்யர் சர்க்கார் நிதித் துறையில் உத்தியோகம் பார்த்தார். தம்பியும் அந்த வழியிலேயே போக முடிவு செய்தார்.

அந்த உத்தியோகத்துக்கு அகில இந்தியப் போட்டிப் பரீட்சை உண்டு. அதில் விஞ்ஞானம் மட்டும் போதாது. சரித்திரம், பொருளாதாரம், சமஸ்கிருதம் எல்லாம் படிக்க வேண்டும். ராமன் படித்தார், எழுதினார். அதிலும் அவரே முதல்!

அதே 1907-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் லோகசுந்தரி அம்மாள். வீணை வாசிக்கத் தெரிந்தவர். புது மனைவியுடன் ராமன் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே அவர் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல். கை நிறையச் சம்பளம், பெரிய மரியாதை.

உறவினர்களுக்கு மகிழ்ச்சி. ராமனுக்கு மட்டும் மனம் நிறையவில்லை. எந்தப் பரீட்சை அவருக்கு உத்தியோகத்தைக் கொடுத்ததோ, அந்தப் பரீட்சை அவர் விரும்பிய வேலையைக் கொடுக்கவில்லை.

மார்க் கேட்காத கதவு

ஒரு நாள் டிராம் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். பவுபஜார் தெருவில் ஒரு கட்டடத்தின் பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. அது இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காள டாக்டர் 1876-ல் நிறுவியது. ராமன் அங்கே போய்க் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே. எல்லோரும் அவரை ஆசு பாபு என்று கூப்பிடுவார்கள். உள்ளே கருவிகள் இருந்தன. அவற்றை வைத்து வேலை செய்ய ஆள் இல்லை. நிறுவியவரின் மகன் அமிர்தலால் சர்க்கார் அப்போது காரியதரிசி. ராமனைக் கண்டதும் அவருக்கு மகிழ்ச்சி. எப்போது வேண்டுமானாலும் வந்து ஆராய்ச்சி செய்யலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார். எந்தப் பரீட்சையில் என்ன மார்க் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று முதல் ராமனுக்கு இரட்டை வாழ்க்கை. விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சோதனைச் சாலை. பத்து மணி நெருங்கும்போது வீட்டுக்கு ஓடி வந்து குளியல், சாப்பாடு. பிறகு ஆபீஸ். மாலை 5 மணிக்கு மறுபடியும் சோதனைச் சாலை. இரவு வெகு நேரம் கழித்துத்தான் வீடு. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் ஆயிற்று. 1911-ல் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார். பத்து ஆண்டுகள் இப்படி உழைத்தார்.

ஆசு பாபு அவருக்கு உதவியாளர் ஆனார். ஆசு பாபு கல்லூரிப் படியை மிதித்தவர் அல்ல. ஆனால் கருவிகளைக் கையாள்வதில் கெட்டிக்காரர். ராமனிடம் வேலை செய்து செய்தே ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார். அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. பட்டம் பெற்ற பலருக்கும் கிடைக்காத பெருமை அது!

பாதிச் சம்பளம் போதும்

கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் ஆசுதோஷ் முகர்ஜி மனிதர்களை எடை போடுவதில் வல்லவர். ராமனின் உழைப்பை அவர் கவனித்து வந்தார். பாலித் என்ற வள்ளல் கொடுத்த நன்கொடையால் ஏற்பட்ட பவுதிகப் பேராசிரியர் பதவிக்கு ராமனை அழைத்தார்.

இங்கேயும் ஒரு தடை. அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முன்பு ராமன் போக விரும்பினார், விடவில்லை. இப்போது போய் வா என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். வேலையைக் கற்றது இந்த மண்ணில்; இனி பயிற்சிக்காகப் போக வேண்டியது இல்லை என்பது அவர் கருத்து.

முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்தினார். 1917-ல் ராமன் பேராசிரியர் ஆனார். சர்க்கார் உத்தியோகத்தில் வாங்கிய சம்பளத்தில் ஏறத்தாழ பாதிதான் இதில். ராமன் தயங்கவில்லை.

1921-ல் ஒரு மாநாட்டுக்காக முதல் தடவையாக இங்கிலாந்துக்குப் போனார். குளிர் அவரை ஒன்றும் செய்யவில்லை! கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீல நிறம் அவரைக் கவர்ந்தது. இந்த நீலம் எங்கிருந்து வருகிறது? வானத்தின் நிழல்தான் என்று அப்போது பலர் நம்பினார்கள். ராமன் கப்பலிலேயே சோதித்துப் பார்த்தார். நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார்.

அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு 7 ஆண்டுகள் உழைத்தார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் அவருக்குத் துணையாக இருந்தார். 1928 பிப்ரவரி 28-ந் தேதி பலன் கிடைத்தது. ஒரு நிற ஒளி தெளிவான திரவத்தில் பாயும்போது, சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி வேறு நிறமாக மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்தே அது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். இதுதான் ராமன் விளைவு.

1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்தில் அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆசியர் ராமனே.

கதவில் காவல் நின்றபோது

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு ராமன் தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

அதே ஆண்டு பம்பாயிலிருந்து ஒரு மனு வந்தது. அனுப்பியவர் கமலா பாகவத் என்ற இளம்பெண். பம்பாய் பல்கலைக்கழகத்தில் முதல் இடம் பெற்றுத் தேறியவர். ஆராய்ச்சி மாணவியாகச் சேர விரும்பினார். மார்க்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ராமன் இடம் கொடுக்க மறுத்தார். காரணம், அவர் பெண்!

கமலா சும்மா இருக்கவில்லை. பெங்களூருக்கே வந்தார். என்ன குற்றத்துக்காக இடம் இல்லை என்று நேரில் கேட்டார். பிடிவாதமாக நின்றார். கடைசியில் ராமன் இறங்கி வந்தார். ஆனாலும் முதல் ஆண்டு முழுவதும் பரீட்சார்த்தமாகத்தான் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டில் கமலாவின் உழைப்பைப் பார்த்த பிறகே முழு மாணவியாக ஏற்றார். அதன் பிறகு மற்றப் பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. கமலா பின்னர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். கமலா சொஹோனி என்ற பெயரில் புகழ் பெற்ற விஞ்ஞானி அவர்தான்.

ஒல்லியான உடம்பைக் காட்டித் தம்மை ஒருவர் தடுத்ததை அனுபவித்தவர் ராமன். அவரே இன்னொருவரைப் பெண் என்று காட்டித் தடுத்தார். மேதைகளும் தவறுவது உண்டு. அன்று கமலா திரும்பிப் போயிருந்தால், அவருடைய முதல் இடமும் வீணாகத்தான் போயிருக்கும்.

மார்க் என்ன சொல்கிறது?

ராமன் தலைமை தாங்கிய அதே பெங்களூர் கழகமும் 7 ஐ.ஐ.டி.களும் சேர்ந்து இன்று கேட் என்ற பரீட்சையை நடத்துகின்றன. என்ஜினீயரிங், விஞ்ஞான மேற்படிப்புக்கு இது பெரிய வாசல். இதன் மார்க்கைப் புரிந்துகொள்வது கஷ்டம் இல்லை.

பரீட்சைத் தாளுக்கு 100 மார்க். ஆனால் ஸ்கோர் என்பது வேறு. அது 1,000-க்குக் கணக்கு. ஒரு பாடத்தில் தேறக் குறைந்தபட்சம் எவ்வளவு மார்க் வேண்டுமோ, அந்த மார்க்குக்கு ஸ்கோர் 350. உச்சியில் நிற்கும் மிகச் சிலருடைய சராசரி மார்க்குக்கு ஸ்கோர் 900. மற்றவர்களின் ஸ்கோர் இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது.

ஓர் உதாரணம். ஒரு பாடத்தில் தேற 30 மார்க் வேண்டும்; உச்சிச் சராசரி 90 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 மார்க் வாங்கியவர் இரண்டுக்கும் நட்டநடுவில் நிற்கிறார். அவர் ஸ்கோர் 625. இன்னொரு பாடம் கடினமானது. அதில் தேற 25 போதும். உச்சிச் சராசரியே 75-தான். அதிலும் ஒருவர் 60 வாங்குகிறார். அவர் ஸ்கோர் 735! மார்க் ஒன்றுதான், மதிப்பு வேறு. ஆகவே, பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கோடு நம் பிள்ளையின் மார்க்கை ஒப்பிட்டுத் திட்டுவதில் பொருள் இல்லை.

வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. பரீட்சையில் பெர்சென்டைல் என்ற எண்ணும் வரும். அதைச் சதவீதம் என்று நினைத்துவிடக் கூடாது. 95 பெர்சென்டைல் என்றால் 100-க்கு 95 மார்க் வாங்கியதாக அர்த்தம் இல்லை. ரேஷன் கடை வரிசையில் 100 பேர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பின்னால் 95 பேர் நிற்கிறார்கள் என்று பொருள்.

தேறிவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. தேறுவது மனுப் போடத் தகுதி, அவ்வளவே. விரும்பும் கல்லூரியில், விரும்பும் பாடத்தில், சென்ற ஆண்டு கடைசி இடம் எந்த ஸ்கோரோடு முடிந்தது என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சிப் படிப்புக்குப் பல இடங்களில் நேர்முகத் தேர்வும் உண்டு. கேட் ஸ்கோர் 3 ஆண்டுகளுக்குச் செல்லும், ஜி.ஆர்.இ. ஸ்கோர் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு தடவை குறைந்துவிட்டால் மறுபடியும் எழுதலாம்.

எல்லா எண்களும் சொல்வது ஒன்றைத்தான். அன்றைய தினம், அந்தக் கேள்விகளுக்கு, அந்தக் கூட்டத்தில் ஒருவர் எந்த இடத்தில் நின்றார் என்பதே அது. நாளைக்கு அவர் என்ன செய்வார் என்று அது சொல்லாது.

கடைசி வரை

1937-ல் நிர்வாகத் தகராறுகளால் ராமன் கழகத்தின் தலைவர் பதவியை விட்டார். 1948 வரை அங்கேயே பேராசிரியராக இருந்தார். பிறகு பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்து வேலையைத் தொடர்ந்தார். 1954-ல் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது.

1970 நவம்பர் 21-ந் தேதி ராமன் காலமானார். சீமைக் குளிரைத் தாங்காது என்று டாக்டர் ஒதுக்கிய அந்த உடம்பு 82 ஆண்டுகள் வாழ்ந்தது!

அண்ணன் சுப்பிரமணிய அய்யரின் மகன் சந்திரசேகர் 1930-ல் சர்க்கார் உதவிச் சம்பளத்தோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். சித்தப்பாவுக்குக் கிடைக்காத பயணம் அண்ணன் மகனுக்குக் கிடைத்தது. 1983-ல் அவரும் நோபல் பரிசு வாங்கினார். ஒருவர் போனார், ஒருவர் போகவில்லை. பரிசு இருவருக்கும் வந்தது.

ராமன் பரீட்சையை அலட்சியம் செய்தவர் அல்ல. நன்றாகப் படித்தார், முதலாவதாக வந்தார். அந்த முதல் இடம் பி.ஏ. பட்டம் தந்தது, உத்தியோகம் தந்தது. கப்பல் தவறிய பிறகு விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து போனாரே, அதற்கு மட்டும் யாரும் மார்க் போடவில்லை. நோபல் பரிசைத் தேடித் தந்தது அதுதான்.

கே.கே. நகரிலோ வேறு எந்த ஊரிலோ, இந்த ஆண்டு ஸ்கோர் குறைந்துவிட்டதே என்று ஒரு பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தால், திருவானைக்காவல் வரை ஒரு நடை அழைத்துப் போய் ராமன் கதையைச் சொல்லலாம். ஸ்கோர் நிறைய வந்த பிள்ளைக்கும் அதே கதையைச் சொல்லலாம்!